ராண்டல் 18-ஆ, கிரிஸ் ரீவ் ஒன் பீஸா?

இரண்டும் பிடிக்குள் சாமான் வைக்கிற உயிர்காப்புக் கத்திகள். பர்மா பஜார் பக்கம் பழைய சாமான் பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே சாதியாகத்தான் நினைக்கிறார்கள். குழாய்ப் பிடி, உள்ளே தூண்டில் முள், தீக்குச்சி வைக்க இடம். அவ்வளவுதான் ஒற்றுமை.

ராண்டல் மாடல் 18, 1960களில் வியட்நாம் போர்க்காலத்தில் வந்தது. எஃகுக் குழாயைத் தனியாகச் செய்து அலகோடு பற்றவைத்திருப்பார்கள். அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள பித்தளைத் தடுப்பின் ஓரத்தில் லென்ஸ் வைத்தால் பற்று வைத்த கோடு தெரியும். வயது கணிப்பதுதான் வம்பு. அலகில் உள்ள, ராண்டல் பட்டறையின் ஊர்ப்பெயரான 'ஆர்லாண்டோ' முத்திரையை மட்டும் நம்ப முடியாது. தோல் உறையின் தையல், பொத்தான், உறை செய்தவர் முத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். உறையை யாராவது மாற்றியிருந்தால்? போச்சு.

ரீவ் கத்தியில் ஒட்டே கிடையாது. ஏ2 என்ற கருவி எஃகின் ஒரே தண்டைக் கடைந்து பிடியும் அலகும் எடுத்தது. அதைச் செய்த கிரிஸ் ரீவ் 1989-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனார். அலகில் தென்னாப்பிரிக்கா என்றிருந்தால் அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏ2 துருப்பிடிக்கும். காசிமேட்டு உப்புக்காற்றில் பூச்சு தேய்ந்த இடமெல்லாம் புள்ளி விழும். அந்தத் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றால் வாங்காதீர்கள், முத்திரையும் சேர்ந்தே மழுங்கியிருக்கும்.

புதிதாகச் சேர்ப்பவர் என்றால் ரீவ் போதும். ராண்டலுக்குக் கண் பழக வேண்டும்.