பால்வெட்டும் முழங்கைக்கு எந்த ஊசி: ஸ்டீராய்டா, பி.ஆர்.பி.யா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் முழங்கை வலியோடு மரத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். விடியுமுன் கத்தியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி மரம் மரமாக இழுக்க வேண்டும். நாள்பட நாள்பட முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோகிறது. டாக்டர்கள் டென்னிஸ் எல்போ என்பார்கள். எனக்கு வலது கையில் வந்தபோது வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஸ்டீராய்டு ஊசி, நம் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசி என்று இரண்டு வழி சொன்னார்கள். நான் பி.ஆர்.பி. போட்டுக்கொண்டேன். யார் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

ஸ்டீராய்டு பலருக்கும் தெரிந்ததே. விலை குறைவு, சில நிமிட வேலை, சில நாளில் வலி அடங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்ச நாள் சர்க்கரை ஏறும். ஊசி இறங்கிய இடத்தில் தோல் வெளுப்பதும் உண்டு.

பி.ஆர்.பி.க்கு நம் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து நோகிற இடத்தில் செலுத்துகிறார்கள். தட்டணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் திசு ஆறுவதைத் தூண்டும் என்பது இதன் அடிப்படை. செலவு ஸ்டீராய்டைப்போலப் பல மடங்கு. முதல் சில நாள் வலி முன்னைவிடக் கூடும். டைக்ளோஃபினாக், ஐபுரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால், ஊசிக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நாள் அவை கூடாது என்பார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று. ஆறாவது வாரத்தில் கை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதா, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்ப்பதா?

நெதர்லாந்தில் 185 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்குப் பலன். பிசியோதெரபி செய்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத்தான். ஒரு வருஷம் ஆனதும் கணக்கு தலைகீழ்: ஸ்டீராய்டு 69, பிசியோதெரபி 91, எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தவர்கள்கூட 83. ஆஸ்திரேலியாவில் 2013இல் வந்த ஆய்விலும் ஸ்டீராய்டு போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி திரும்பியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் அது 12 சதவீதம்தான்.

பால்வெட்டுகிறவருக்கு இதன் அர்த்தம் பெரிது. வலி அடங்கினால் மறுநாளே கத்தியை எடுத்துவிடுவோம். வெட்டினால்தானே கூலி? உள்ளே நைந்த தசைநாண் ஆறியிருக்காது, வலி என்ற எச்சரிக்கையும் இருக்காது. ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணே பலவீனமாகும்.

பி.ஆர்.பி.யையும் ஸ்டீராய்டையும் நேருக்கு நேர் வைத்து, அதே நெதர்லாந்தில் 100 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. ஒரு வருஷத்தில் பி.ஆர்.பி. போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது, ஸ்டீராய்டில் 49.

ஆனால் ஸ்டீராய்டை வெல்வது வேறு, வெற்று ஊசியை வெல்வது வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2021இல் வெளியிட்ட அறிக்கை, வெற்று ஊசியைவிட பி.ஆர்.பி.யால் முழங்கைக்குக் குறிப்பிடத்தக்க பலன் அநேகமாக இல்லை என்கிறது. எனக்குக் குணமானதில் ஊசியின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பி.ஆர்.பி. போட்டால் உடனே வலி போகாது, அதனால் உடனே வெட்டவும் போக முடியாது. அந்தக் கட்டாய ஓய்வும் அதோடு செய்த பயிற்சியும் தசைநாணுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஓய்வுதான் நமக்குக் கஷ்டம். அதனால் ஊசிக்கு நேரம் பார்த்துப் போங்கள். மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் மாசி, பங்குனிதான் சரியான சமயம். அப்போதும் மரம் முறிக்கவோ தேங்காய் உரிக்கவோ இறங்கிவிடாதீர்கள்.

கையில் பணம் இல்லையென்றால் ஸ்டீராய்டுக்குப் போக வேண்டாம் என்பேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டி, பயிற்சி கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்க முன்கையை மேசைமேல் வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குவது அதில் முக்கியம். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். வீட்டில் கல்யாணமோ வேறு தவிர்க்க முடியாத காரியமோ இருந்து, உடனே வலி அடங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு ஸ்டீராய்டு சரி. ஆனால் அதை நம்பி மரத்துக்குப் போகக் கூடாது.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் பி.ஆர்.பி. போடலாமா என்று கேட்கிறார்கள். முட்டியில் எனக்கு அனுபவமில்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷம் கழித்தும் உப்புநீர் ஊசிக்கும் பி.ஆர்.பி.க்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. அதனால் முட்டிக்கு அவ்வளவு பணம் போடுமுன் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ஸ்கேன் பார்த்து ஊசி போடுவார்களா, எத்தனை முறை போட வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.