ஆயில் குடிக்கும் பழைய டாஸ் கார்: சிலிண்டரைக் குடைந்து 'போர்' செய்வதற்கு முன் வேக்குவம் கேஜைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய பிராஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ் கார்களைச் அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதித் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். எங்களிடம் இருப்பது 1300 சிசி, கார்பரேட்டர் வகை. எளிமையான, உழைக்கும் என்ஜின். இத்தனை ஆண்டுகளில் நடுவழியில் விட்டதில்லை. வயதான எந்தக் காருக்கும் வரக்கூடிய தொல்லைதான் இதற்கும் வந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் 1,000 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போனது. ஐட்லிங்கும் (கார் நிற்கையில் என்ஜின் மெதுவாக ஓடுவது) தடுமாறியது.

"ரிங் தேய்ந்துவிட்டது அண்ணா, போர் செய்தாக வேண்டும்" என்றார் ஒரு மெக்கானிக். அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்துவிட்டன, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எதையும் அளந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை யாரும் ஏற்க வேண்டாம்.

புகை எப்போது வருகிறது என்பதே முதல் தடயம். ரிங் தேய்ந்திருந்தால் மேடு ஏறும்போது நீலப்புகை விடாமல் வரும். எங்கள் கார் அப்படிச் செய்யவில்லை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது குப்பென்று ஒருமுறை புகைக்கும். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கியரிலேயே இறங்கி, கீழே மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் மீண்டும் புகைக்கும். கால் எடுத்த நிலையில் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். அது தளர்ந்த வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறியிறங்கும் குழல்) வழியே ஆயிலை உறிஞ்சிவிடுகிறது.

வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டினால் சந்தேகம் தெளியும். கடல்மட்டத்தில் இருக்கும் டர்பனில், நல்ல என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்ட வேண்டும். முள் அசையக் கூடாது. ஜோஹானஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஐந்தாறு அங்குலம் குறைவாகவே காட்டும். அங்குள்ள நம்மவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவையோ பின்தங்கிய டைமிங்கையோ (பிளக்கில் பொறி விழும் நேரம்) தேடுங்கள். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வு ஒன்று எரிந்திருக்கலாம். எங்கள் காரில் ஐட்லிங்கில் படபடவென்று நடுங்கியது. வேகம் கூட்டியதும் நிலைத்தது. கைடு தேய்ந்ததற்கு உரிய குணம் அது.

இருந்தும் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் என்ஜின் மேல்பகுதி) தொடுமுன், என்ஜினின் அடியில் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி வால்வைக் கழற்றினோம். குலுக்கினால் கடகடவென்று ஒலிக்க வேண்டியது, பிசின் ஏறி ஊமையாகிவிட்டிருந்தது. சில்லறைக் காசில் முடிகிற வேலை. இதிலேயே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும். எங்களுக்கு ஐட்லிங் ஓரளவு சீரானது, நடுக்கம் போகவில்லை. பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தோம். பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்தபோதும் அளவு ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால், அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும்.

ஆகவே ஹெட்டை மட்டும் இறக்கி, கைடும் அதில் ஆயிலைத் தடுக்கும் சீலும் மாற்றினோம். பிஸ்டன் பக்கம் யாரையும் கைவைக்க விடவில்லை. இப்போது ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ் வரை ஆயில் ஊற்ற வேண்டியதில்லை, முள்ளும் ஆடுவதில்லை. கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கச் சொன்னவர்களும் உண்டு. அது புகையைச் சில நாள் மறைக்கும், தேய்மானத்தை மாற்றாது. இனி மாற்ற வேண்டியவை இறுகிப்போன வேக்குவம் குழாய்கள். பிரேக் பூஸ்டர் குழாயிலிருந்து தொடங்கப் போகிறேன்.