மடெய்ரா கட்வொர்க் மேசை விரிப்பு: ஒரு மதிப்பீடு

போர்ச்சுகலுக்குரிய மடெய்ரா தீவின் ஃபுன்ஷால் நகரில் வாங்கிய இந்த வெள்ளை லினன் விரிப்பின் உயிர், அதன் கட்வொர்க்கில், அதாவது துணியை வெட்டி நீக்கி உருவாக்கும் பூத்தையலில்தான் இருக்கிறது; இது, வெட்டிய இடைவெளிகளை நூல் பாலங்கள் இணைக்கும் ரிஷெல்யூ வகை. துளையிட்ட தாளின் வழியே நீலச் சாயத்தால் துணியில் பதித்த வரைபடத்தின் ஓரங்களை, தீவின் பெண்கள் தம் வீடுகளிலிருந்தே பொத்தான் துளையின் ஓரம் பிரியாமல் காக்கும் பட்டன்ஹோல் தையலால் நெருக்கமாகக் கட்டி, இடைவெளிகளின் குறுக்கே நூல் பாலங்களை அமைத்து முடித்த பிறகுதான் உள்ளிருக்கும் துணி வெட்டி நீக்கப்படுகிறது. கத்தரிக்கோலின் நுனி ஒரு தையலைத் தொட்டாலும் ஓரம் பிரியத் தொடங்கும்; இங்கோ பலமுறை துவைத்த பின்னும் ஓரிழைகூடப் பிசிறவில்லை. பின்புறமும் ஏறக்குறைய முன்புறத்தைப் போலவே துப்புரவாக இருப்பது, இயந்திரத் தையலில் நான் காணாத நேர்த்தி.

மூலைகளில் இலை வடிவங்கள் சற்று நெருக்கமாக அமைந்திருப்பது மட்டும் என் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் கைவேலைக்கு அது நியாயமானதே. வாங்குவோர் தீவின் அதிகாரபூர்வ உத்தரவாத முத்திரை உள்ளதா என்று அவசியம் பார்க்க வேண்டும். இஸ்திரி போடும்போது, ஈரம் முழுதும் உலருமுன், தடித்த துவாலையின் மேல் கவிழ்த்துப் போடுவது நல்லது.