வேலூரில் இரத்தக் கீட்டோன் சோதனை: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

வேலூரில் கிடைக்காத மருத்துவச் சோதனை உண்டா என்று எங்கள் ஊர்க்காரர்கள் சற்றுப் பெருமையோடுதான் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகள் நாள்தோறும் காட்பாடி சந்திப்பில் இறங்குகிறார்கள். காந்தி ரோட்டில் லாட்ஜுகளும் மருந்துக் கடைகளும் தமிழோடு இந்தியிலும் வங்காளியிலும் பலகை வைத்திருக்கின்றன. இத்தகைய ஊரில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையைப் பின்பற்றும் ஒருவர் தம் இரத்தத்தில் கீட்டோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஆனால் அந்த வசதி யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் குறையும்.

நான் இங்கிலாந்தின் லீட்ஸில் வசிப்பவன். எடைக்காக என் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டே இந்த உணவுமுறையில் இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. அரிசியும் கோதுமையும் குறைந்து, உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்னும் எரிபொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் இரத்தத்தில் மிகுதியாக இருப்பது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். விரல்நுனி இரத்தத்தை வைத்து மீட்டர் காட்டுவது அதைத்தான். லிட்டருக்கு 0.5 முதல் 3.0 மில்லிமோல் வரை இருந்தால் உணவுமுறை வேலை செய்கிறது என்று கொள்வார்கள். அதற்கு மேல் ஏறுவது, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, வேறு கதை.

சத்துவாச்சாரியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அருகிலிருந்த ஓர் ஆய்வகத்தில் கீட்டோன் பார்க்க வேண்டும் என்று சொன்னவுடன் கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துக் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். இரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னதற்கு, “யூரின்லயே தெரிஞ்சிடும் சார், எல்லாருக்கும் இதான் பாக்குறோம்” என்றார் மேசையில் இருந்த இளைஞர். 200 ரூபாய்க்குள் முடிந்தது; அரை மணி நேரத்தில் அறிக்கையும் கைக்கு வந்தது. அதில் கீட்டோன் என்ற வரிக்கு எதிரே 3+, அதாவது மிகுதி, என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. இளைஞரின் முகம் மாறிவிட்டது. வாந்தி இருக்கிறதா, சாப்பிட்டீர்களா, யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று வரிசையாக விசாரித்தார். அதே காலையில் வீட்டில் என் மீட்டர் காட்டிய அளவு 1.4 மட்டுமே.

இரண்டுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. சிறுநீர் ஸ்ட்ரிப்பில், அதாவது சோதனைப் பட்டையில், உள்ள நைட்ரோபுருசைடு என்னும் வேதிப்பொருள் அசிட்டோஅசிட்டேட் என்னும் மற்றொரு கீட்டோனோடு வினைபுரிந்து ஊதா நிறமாகிறது. பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அது கண்டுகொள்வதே இல்லை. தவிரவும், சிறுநீரில் தெரிவது உடல் வெளியேற்றிவிட்ட கீட்டோன். இரத்தத்தில் இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதன் அளவு அல்ல. வேலூர் வெயிலில் பாதி நாள் அலைந்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீர் அடர்ந்திருக்கும். நிறமும் அதற்கேற்ப அழுத்தமாக விழும். நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கு அதே கீட்டோன் வெளிறித் தெரியும். கீட்டோ தொடங்கிய முதல் வாரங்களில் ‘ஆம், இல்லை’ என்று தெரிந்துகொள்ளச் சிறுநீர்ச் சோதனை போதும். அளவு தெரிய வேண்டுமென்றால் அது உதவாது. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 3+ என்ற அறிக்கையோடு அவர் முன் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே உடம்புக்கு முடியாதவர்கள். வேண்டுமென்றே கீட்டோனை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும் வெளியூர்க்காரன் அவருக்குப் பழக்கமில்லாத பிறவி.

இரத்தத்தில் பார்ப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இந்தச் சோதனை உண்டென்றாலும், சர்க்கரை மிகுந்து மூச்சிரைக்க வருபவருக்காக ஏற்பட்ட அந்த இடத்தில் எடை குறைப்பவன் போய் வரிசையில் நிற்பது முறையல்ல என்று நான் போகவில்லை. மற்றொன்று, வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துச் செல்லும் தனியார் ஆய்வகச் சேவை. தொலைபேசியில் ‘கீட்டோன்’ என்று மட்டும் சொன்னால் மறுபடியும் சிறுநீரில்தான் போய் நிற்கும் என்பதால், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்று முழுப் பெயரையும் சொல்லி, சீரம் (இரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்ப்பகுதி) மாதிரி என்றும் சேர்த்துச் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு, விடிந்து சிறிது நேரத்தில், இருசக்கர வண்டியில் ஒரு பெண் வந்தார். ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் திண்ணையில் இறக்கி, என் பெயரையும் வயதையும் குழாயின் மேல் எழுதி, என்னிடமே காட்டிச் சரிபார்க்கச் சொன்ன பிறகுதான் கையுறையை மாட்டினார். குத்தியது தெரியவில்லை. லீட்ஸில் இவ்வளவு நேர்த்தியான கை எனக்கு வாய்த்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

மாதிரி சென்னைக்குப் போய் அறிக்கை வர இரண்டு நாள் ஆயிற்று. வழியில் கெட்டுப்போகாதா என்ற ஐயம் எழலாம். அசிட்டோஅசிட்டேட் தானாகவே அசிட்டோனாகச் சிதையக்கூடியது. பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் குளிரில் வைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அறிக்கையில் அளவு டெசிலிட்டருக்கு 9.4 மில்லிகிராம் என்று இருந்தது. இதை 10.4ஆல் வகுத்தால் மில்லிமோல் கணக்கு கிடைக்கும், ஏறத்தாழ 0.9. அன்று காலை மீட்டரில் 1.1. இந்த அளவு வேறுபாடு எனக்கு ஏற்புடையதே. ஆனால் கட்டணம் சிறுநீர்ச் சோதனையைப் போலப் பல மடங்கு. அதோடு, முந்தாநாள் இரத்தத்தைப் பற்றி இன்று தெரிந்துகொண்டு உணவை மாற்றுவது எப்படி? மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்று ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்க இது தக்கது; அன்றாடத்துக்கு ஆகாது.

ஆகவே அன்றாடத்துக்கு மீட்டரும் ஸ்ட்ரிப்பும்தான். என்னிடம் இருப்பது ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ. சர்க்கரைக்கும் கீட்டோனுக்கும் அதே கருவிதான், ஸ்ட்ரிப் மட்டும் வேறு. கீட்டோன் ஸ்ட்ரிப்புக்கு 1.5 மைக்ரோலிட்டர் இரத்தம் வேண்டும், சர்க்கரைக்கு 0.6 போதும். ஆகையால் விரலைச் சற்று அழுத்தமாகக் குத்த வேண்டியிருக்கிறது. பத்து விநாடியில் விடை வந்துவிடும். ஸ்ட்ரிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி அலுமினியத் தாளுறையில் வருகின்றன. 4 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லாருக்கும் தெரிந்ததே. மாடியறை இரும்பு பீரோவில் வைத்த பெட்டி மாலையில் தொட்டால் சுட்டது. அண்ணியிடம் சொன்னவுடன், வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான நடு அறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

கூடுதலாக ஒரு பெட்டி வேண்டியிருந்ததால் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். சர்க்கரை ஸ்ட்ரிப் இல்லாத கடை இல்லை; கீட்டோன் ஸ்ட்ரிப் கையிருப்பில் வைத்திருந்த கடை நான் போனவற்றில் ஒன்றுமில்லை. விலை அதிகம், கேட்டு வருபவர் குறைவு, காலாவதித் தேதி வந்துவிட்டால் நட்டம் என்று ஒரு கடைக்காரர் நேரடியாகவே சொன்னார். இணையத்தில் வாங்கிய பெட்டி வந்து சேர்ந்தது. எந்த வண்டியில் எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது அல்லவா? கொண்டுவந்த பழைய ஸ்ட்ரிப்பும் புதியதும் ஒரே விரலில், ஒரே நிமிடத்தில் என்று வைத்துப் பார்த்து, அளவு ஒத்துப்போன பிறகே அதைப் பயன்படுத்தினேன்.

உணவைப் பொறுத்தவரை வட ஆற்காடு கீட்டோக்காரனுக்கு அவ்வளவு கொடுமையான நாடு அல்ல. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி ஆட்டுக்கறியோடு சாப்பிட்ட மறுநாள் மீட்டர் 1.3 காட்டியது. ஆம்பூரில் உறவினர் வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி பரிமாறினார்கள். மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. அடுத்த நாள் காலை 0.2. ஆற்காட்டிலிருந்து வந்த மக்கன் பேடாவை மட்டும் முகர்ந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை ஸ்ட்ரிப் இல்லை என்று சொன்ன ஒரு கடையில்தான் கிடைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற நடுவயதுப் பெண்மணி, மருந்தாளுநர், நான் கேட்டதைக் கேட்டுவிட்டு உடனே இல்லை என்று அனுப்பிவிடவில்லை. “சார், நீங்க சுகர் மாத்திரை எதுனா போடுறீங்களா? டாபா போடுறவங்கன்னா இந்த டயட்டு டாக்டரைக் கேட்காம வேணாம்” என்றார். நான் இல்லை என்றேன். என் அண்ணன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் ‘டாபா’ போடுகிறவர். என்னைப் பார்த்துத் தாமும் சோற்றை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்.

டாபா என்று அவர் சொன்னது டாபாகிளிஃப்ளோசின். இந்தியாவில் 2020இல் அதன் காப்புரிமை முடிந்த பிறகு பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை சரிந்ததால், இப்போது பல வீடுகளின் மாத்திரை டப்பாவில் அது இருக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது அதன் வேலை. சர்க்கரை இறங்குவதால் இன்சுலினும் குறைகிறது. குறைந்த இன்சுலினோடு மாவுச்சத்தும் நின்றுபோனால் கீட்டோன் கட்டுமீறி ஏறி இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால், அப்போது சர்க்கரை அளவு 200க்குக் கீழேகூட இருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து ‘சுகர் நார்மல்’ என்று திருப்தியோடு இருப்பார்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் எல்லாவற்றையும் அஜீரணக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகளைப் பற்றி 2015இலேயே எச்சரித்திருக்கிறது. எனக்குக் கீட்டோன் 1.5 என்பது உணவுமுறை நடக்கிறது என்பதற்கு அடையாளம். டாபா போட்டுக்கொண்டு வாந்தி எடுப்பவருக்கு அதே 1.5 உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அளவு.

அந்த வாரமே அண்ணனின் மருத்துவரைப் பார்த்தோம். காத்திருந்தது நெடுநேரம், பேசியது சில நிமிடம். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் அவர் தெளிவாகவே பேசினார். மாத்திரையும் கீட்டோவும் ஒன்றாகக் கூடாது. சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் போதும். காய்ச்சல் வாந்தி என்று சாப்பிட முடியாமல் போனால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே தம்மிடம் வர வேண்டும். அப்போது சிறுநீர்ச் சோதனையை நம்பாமல் இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியத்தை அவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அண்ணி அதை மாத்திரை டப்பாவின் மூடிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

ஊருக்கு வரவிருக்கும் கீட்டோக்காரர்கள் தங்கும் நாள்களுக்கு வேண்டிய ஸ்ட்ரிப்புகளையும் ஊசிகளையும் கைப்பையிலேயே கொண்டுவருவது நல்லது. காந்தி ரோட்டில் கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். பயன்படுத்திய ஊசிகளை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் கடைகளில் சரியான பதில் கிடைக்கவில்லை. குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும். கெட்டியான எண்ணெய்ப் புட்டி ஒன்றில் சேர்த்து மூடியை நாடாவால் ஒட்டி, அண்ணனின் மருத்துவரிடம் போன அன்று அங்கிருந்த செவிலியரிடம் கேட்டேன். மருத்துவக் கழிவோடு சேர்த்துவிடுகிறோம் என்று வாங்கிக்கொண்டார்.