எட்டு வருடம், ஒரு லட்சம் கிலோமீட்டர்: ஆக்டேவியா ஆர்எஸ் 230-ஐ விற்பதா, வைத்துக்கொள்வதா?

மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டபோது கோவை சூலூர் பக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். போட்டோ எடுக்கலாமென்று போனைத் தேடுவதற்குள் பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அழுத்திவிட்டார். இப்போது என் போனில் இருக்கும் படத்தில் 1,00,001 என்று இருக்கிறது.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. ஆர்எஸ் என்றால் ஆக்டேவியாவின் வேக ரகம். 2017 கடைசியில் எடுத்தது, நீல நிறம். அன்றைய ஷோரூம் விலை 24.62 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் (குதிரைத்திறன்), 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6.8 விநாடி. அந்தக் காசுக்கு அந்த வேகம் தரும் வேறு செடான் அப்போது என் கண்ணில் படவில்லை. "நம்மூர் ரோட்டுக்கு எதுக்கு இத்தனை வேகம்?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். டிக்கியைத் திறந்து காட்டிப் பேச்சை மாற்றினேன்.

ஆனால் அந்த டிக்கியைப் பற்றி உண்மையிலேயே சொல்ல வேண்டும். 590 லிட்டர். பின் கண்ணாடியோடு சேர்ந்து மொத்தக் கதவும் மேலே எழும்பும். தங்கை வளைகாப்புக்கு ஒன்பது சீர்த்தட்டும் ஒரு பித்தளை அண்டாவும் இதில்தான் போயின. அண்டாவுக்காகப் பின்சீட்டின் ஒரு பாதியை மடக்கினேன், அவ்வளவுதான். வேகமான வண்டி என்று வாங்கி, வீட்டில் எல்லோரும் இதை "சாமான் வண்டி" என்றே கூப்பிடுகிறார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் விடிகாலை ஐந்தரைக்கு ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் ஏற வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் உள்ளே நுழைந்து, வளைவு முடியும் இடம் கண்ணில் பட்டதும் மிதித்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தொட்டதுமே டர்போ தோள் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங் கனமில்லை, ஆனால் சொன்ன இடத்தில் போய் நிற்கும். மழை பெய்திருந்தால் கதை வேறு. இது முன்சக்கர இழுவை வண்டி. அவசரப்பட்டு மிதித்தால் உள்பக்கச் சக்கரம் வழுக்கி, ஸ்டியரிங் கையில் லேசாகத் துள்ளும். இரண்டு மழைக்காலம் ஆனது எனக்கு, காலை அடக்கி வைக்கப் பழக.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஒருமுறை ஓட்டினேன். சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள டிராக். ஐந்தாவது சுற்றில் பிரேக் வாசம் மூக்கில் ஏறியது, நானே இறங்கிக்கொண்டேன். தினமும் மார்க்கெட் போகிற பிரேக் பேடை வைத்துக்கொண்டு அங்கே போனது என் தப்பு.

செலவுக்கு வருவோம். முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள் (அதிர்வு தாங்கும் ரப்பர்கள்) 62,000 கிலோமீட்டரில் மாற்றினேன். முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் 70,000 கிலோமீட்டரில். பேட்டரி இரண்டு. டயர் இரண்டு செட் தேய்ந்து முடிந்தாயிற்று, அதில் ஒரு டயர் மட்டும் அற்பாயுளில் போனது. மழைநீர் தேங்கிய குழியை வெறும் குட்டை என்று நினைத்து இறக்கினேன், மறுநாள் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். டிஎஸ்ஜி (இரண்டு கிளட்சோடு தானே கியர் மாற்றும்) கியர்பாக்ஸ் இதில் ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வகை, ஆறு கியர். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். நான் போன ஒரு சர்வீஸ் சென்டரில் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்றார்கள். கையேட்டைப் புரட்டிக் காட்டி மாற்ற வைத்தேன். செகண்ட் ஹாண்டில் இந்த வண்டியைத் தேடுபவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்த ஒரு பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரி, அடுத்த தலைமுறைக்காகக் காத்திருந்த கதை.

2020-இல் ஆர்எஸ் 245 வந்தது. 200 வண்டிகள் மட்டும், 35.99 லட்சம். அது புதுத் தலைமுறை இல்லை. என் வண்டியின் கடைசி மெருகு என்று சொல்லலாம். ஏழு கியர், முன்சக்கரங்களுக்கு நடுவே மின்னணு டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தியை மற்றதற்கு அனுப்பும் அமைப்பு. நண்பருடையதை ஓட்டிப் பார்த்தேன். ஈர ரோட்டில் வளைவிலிருந்து வெளியே வரும்போது எனக்கு வழுக்குகிற இடத்தில் அது பிடித்து இழுத்துப் போனது. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வயதுகூட நிறையாத வண்டியைக் கொடுத்துவிட்டு பதினொரு லட்சம் அதிக விலையுள்ளதை எடுக்க மனம் வரவில்லை. "அடுத்த தலைமுறை வரட்டும்" என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தலைமுறை ஆக்டேவியா 2021-இல் வந்தது, 190 பிஎஸ் எஞ்சினோடு, ஆர்எஸ் வரவில்லை. 2023-இல் புது மாசு விதிகள் வந்தபோது அந்த ஆக்டேவியாவும் இங்கே நின்றுபோனது. கடைசியில் 2025 அக்டோபரில்தான் புது ஆர்எஸ் வந்தது. முழுதாக இறக்குமதி, மொத்தமே 100 வண்டி, 49.99 லட்சம். 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 6.4 விநாடி.

எட்டு வருடம் காத்திருந்தவன் புக்கிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கப் காபி முழுக்கக் குடித்தேன். அமுக்கவில்லை.

காரணம் விலை மட்டுமில்லை, ஆனாலும் விலையிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அதுவே பத்து லட்சத்தை நெருங்குகிறது. இன்ஷூரன்சையும் சேர்த்தால் அறுபதைத் தாண்டிவிடும். என் வண்டிக்குக் கிடைத்த நல்ல விலை 17 லட்சம். மீதியைப் போட்டு நான் வாங்குவது என்ன? எஞ்சின் அதே குடும்பம், அதே 1,984 சிசி. இடைப்பட்ட இத்தனை வருடத்துக்கு 35 பிஎஸ்ஸும் 0.4 விநாடியும் கூடியிருக்கின்றன. அவிநாசி ரோட்டில் அந்த 0.4 விநாடியை எங்கே போய்ச் செலவு செய்வது?

புதியதில் மேலானவை உண்டு, மறுக்கவில்லை. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் வசதி சேலம் ஹைவேயில் உண்மையிலேயே உதவும். ஆனால் ஏசியைக் கூட்டக் குறைக்கத் திரைக்குள் போக வேண்டும். என் வண்டியில் அதற்குத் திருகு இருக்கிறது. பார்க்காமலே கை போய்விடும். சின்ன விஷயம் என்று நினைக்கலாம், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவனுக்கு அது சின்னதில்லை.

அப்படியானால் இதற்கும் அடுத்தது? 2025 செப்டம்பரில் ம்யூனிக் கண்காட்சியில் ஸ்கோடா 'விஷன் ஓ' என்றொரு மாதிரியைக் காட்டியது. வரப்போகும் மின்சார ஆக்டேவியாவின் முன்னோட்டம் அது. கூரை பின்பக்கம் வரை நீளும் எஸ்டேட் உடல், அழகாகத்தான் இருக்கிறது. இந்தப் பத்தாண்டின் கடைசியில் வரலாம் என்கிறார்கள். வேகத்தில் என் வண்டியை விழுங்கிவிடும், சந்தேகமில்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு பிராணி. கியர் இறங்கும்போது சைலன்சர் போடும் அந்த 'பட்' அதில் இருக்காது. பெயருக்காகக் காத்திருந்தால், நான் காத்திருந்த வண்டிக்குப் பதில் வேறொன்று வந்து வாசலில் நிற்கும்.

விற்றுவிடலாமா என்று என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஹைவேயில் லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது பன்னிரண்டரை தாண்டுவதில்லை. 2017-இல் வந்த வண்டி இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாயையும் ரப்பர் இணைப்புகளையும் பார்க்கச் சொல்கிறேன். இதுவரை கசிவு இல்லை. இன்னொன்று அப்பா. எழுபத்தாறு வயது. இந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்வது அவருக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி. எழுந்திருக்க என் தோளைப் பிடிக்க வேண்டும். முதல் பிரச்சினைக்கு மெக்கானிக் இருக்கிறார். இரண்டாவதற்குப் போன மாதம் ஒரு பழைய, உயரமான சின்ன வண்டி வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் எல்லாம் இனி அதில். எனக்கு அது ஓட்டவே பிடிக்கவில்லை, அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆர்சி 2032 வரை இருக்கிறது. கியர் ஆயில் 1,20,000 கிலோமீட்டரில் மறுபடி. அதற்கு முன்னால் டயர் முடிந்துவிட்டதால் போன வாரம் கடைக்குப் போனேன். கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, வண்டிய வெச்சுக்கறீங்களா, குடுக்கப் போறீங்களா? குடுக்கறதுன்னா வெல கம்மில ஒண்ணு இருக்குது, அதையே போட்டுர்லாம்."

"நாலும் நல்லதாவே போடுங்க" என்றேன். அலைன்மென்ட்டோடு 58,000 ரூபாய் ஆனது. வீட்டில் 40 என்று சொல்லியிருக்கிறேன்.