காங்கேயத்து மானாவாரி நிலம்: கொறங்காடா, கோ-4 புல்லா, மரத்தோப்பா?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் சும்மா கிடக்கும் மானாவாரி நிலத்தை என்ன செய்வது என்று கேட்டால் மூன்று யோசனை சொல்வார்கள். பழையபடி கொறங்காடாக்கலாம், அதாவது உயிர்வேலிக்குள் புல்லும் மரமும் உள்ள மேய்ச்சல் காடாக்கலாம். கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் போடலாம். வெட்டி விற்கும் மரமான மலைவேம்பு நடலாம்.

மலைவேம்பை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். நெருக்கி நட்ட மரத்தடியில் புல் வராது, வளரும் வரை தண்ணீரும் ஊற்ற வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவருக்குச் சரிப்படலாம். ஆடுமாடு வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

மற்ற இரண்டுக்கும்தான் போட்டி. காகிதக் கணக்கில் கோ-4 எங்கேயோ போய்விடும். ஆண்டுக்கு ஏக்கருக்கு 150 டன் வரை பசுந்தீவனம், முதல் அறுப்புக்குப் பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப்புல் நன்றாகப் பராமரித்தாலே 16 டன்தான். ஆனால் அந்த 150 டன் பாசனத்துக்கும் உரத்துக்கும் போட்ட கணக்கு. இங்கே ஆண்டு மழையே சுமார் 600 மி.மீ.; ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. போர் நின்றால் கோ-4-ம் நின்றுவிடும்.

கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மூன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு வறட்சியிலும் உயிரோடு கிடக்கும். ஒரு மழை பெய்தால் தழைக்கும். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. வெள்வேலுக்குச் சன்னமான இலை என்பதால் அதன் நிழல் புல்லைக் கொல்லாது. வேலி இருப்பதால் ஒரு காட்டை மேயவிட்டு அடுத்ததை ஆறப்போடலாம். ஆள் பின்னாலேயே நிற்க வேண்டியதில்லை. காங்கேயம் மாடு வளர்ந்ததே இப்படிப்பட்ட காடுகளில்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ பயறோ விதைத்து எடுத்தால், புல் மறுபடி புதிதாகக் கிளம்பும்.

குறையும் உண்டு. பால் சொசைட்டிக்குத் தினமும் பால் ஊற்றும் கலப்பின மாட்டுக்கு இந்தப் புல் மட்டும் போதாது. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருப்பவர் 20 சென்டில் கோ-4, பக்கத்தில் பயறுவகைத் தீவனமான வேலிமசால் என்று வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. மீதி நிலத்தைக் கொறங்காடாக விடுவதுதான் என் கட்சி.

அப்புறம் ஒன்று. விதை வாங்கும்போது புதிது வேண்டாம். கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. ஆறேழு மாதம் இருப்பு வைத்ததுதான் சரியாக முளைக்கும். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். வேலிக்குக் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) மழைக்கு முன்னே ஊன்றிவிடுங்கள். முதல் வருடம் புல் விதை உதிரும் வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள், பக்கத்துக் காட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும்.