தாடை வலிக்கு 24,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று வீட்டுக்காரர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம். போன மாதம் மெயின் ரோட்டில், ஊருக்கு நாலு கிளை வைத்து, ஆஃபர் போர்டு மாட்டியிருக்கும் ரகப் பல் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் அவசரப்படவே இல்லை. என் பல்லைக் கேமராவில் பிடித்து டிவியில் பெரிதாகக் காட்டினார். ஓரமெல்லாம் அரம் வைத்து ராவியது மாதிரி மழுங்கியிருந்தது. "எங்க அம்மாவுக்கும் இதேதான் மேடம், நான்தான் பார்த்தேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். கடைவாய்ப் பல்லை லேசாகத் தேய்த்து, ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டும் கொடுத்தால் பதினைந்து நாளில் சரியாகுமாம். பேக்கேஜ் 24,000 ரூபாய், இன்றே கட்டினால்தான் அந்த விலை. ஜிபேயில் கட்டினேன். அன்றைக்கே இரண்டு பல்லைத் தேய்த்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வந்த நைட் கார்ட் ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மூன்றே நாளில் வலி கூடியது. தேய்த்த பல்லில் தண்ணீர் பட்டாலே கூச்சம்.

ரிசப்ஷனில், "போகப் போகப் பழகிடும் மேடம்." அப்புறம், "டாக்டர் வேற பிராஞ்ச்ல இருக்கார்." அப்புறம், "லேப்ல கேட்டுச் சொல்றோம்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 24,000 ரூபாய்க்குப் பில் கேட்டேன். கையில் இருப்பதோ விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் கிறுக்கிய தொகை மட்டும்.

நேற்று சென்னை கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தில் உருண்டு நின்ற தசையை ஒரு விரலால் அழுத்தினார். உயிர் போய்விட்டது. வலி பெரும்பாலும் அந்தத் தசையில்தானாம். முதலில் வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் மெதுவான சாப்பாடு, தாடைப் பயிற்சி. பகலில் உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் படக்கூடாது. தேவைப்பட்டால் அளவெடுத்துக் கெட்டியான அக்ரிலிக் ஸ்ப்ளின்ட், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பல் உறை. "பல்லை ஏம்மா தேய்க்க விட்டீங்க? எனாமல் திரும்ப வளராதே" என்றார்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முதல் நாளே பல்லைத் தேய்க்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வருமாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். 24,000 ரூபாய், சீட்டு எடுத்த பணம்.